தலைகீழ் மலை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மலை என்றால் முதலில் ஏறுவது, பிறகு இறங்குவது என்று முப்பத்தொன்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்த முட்டாள் நான். இதில் என்ன முட்டாள்தனம், எல்லோரும் அப்படித்தானே என்று ஆவடியிலும் அம்பத்தூரிலும் இருக்கும் நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். ஒரு பள்ளத்தாக்கின் வயிற்றுக்குள், பகல் பன்னிரண்டு மணிக்கு, புளிச்சோற்றை வழித்துத் தின்றுவிட்டு, தண்ணீரையும் முக்கால்வாசி குடித்துவிட்டு, "அப்பாடா, கஷ்டமெல்லாம் முடிந்தது, இனி ஜாலியாகத் திரும்ப வேண்டியதுதான்" என்று காலை நீட்டிப் படுத்தேன். படுத்த வாக்கில் மேலே பார்த்தேன். நான் திரும்பிப் போக வேண்டிய வண்டி, கழிப்பறை, வீடு எல்லாம் வானத்தில் இருந்தன.

இந்த வாரத்தோடு நாங்கள் அமெரிக்கா வந்து ஒன்பது வருடம் முடிகிறது. நாங்கள் வந்தோம் என்பதுகூடச் சரியில்லை. என் மனைவி ஸ்டெல்லா வந்தாள். அவள் நர்ஸ். அரிசோனா பாலைவனத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவள் தேவைப்பட்டாள். விசாத் தாளில் என்னையும் நான்கு வயது மகள் ஜெனியையும் 'சார்ந்திருப்பவர்கள்' என்று ஒரே கட்டத்தில் போட்டிருந்தார்கள். ஜெனி வளர்ந்து அந்தக் கட்டத்தை விட்டு வெளியே போய்விட்டாள். நான் இன்னும் அதற்குள்தான் குடியிருக்கிறேன். ஏசி மெஷினுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில், கவுண்டருக்குப் பின்னால், ஸ்டூலில் உட்கார்ந்து வேலை. காலையில் உட்கார்ந்தால் மாலையில் எழுந்திருப்பேன். பாலிடெக்னிக்கில் படித்த மெக்கானிக்கல் டிப்ளமோவில் இப்போது மிச்சமிருப்பது உட்காரும் திறமைதான்.

இப்படிப்பட்ட ஒருவன் கிராண்ட் கேன்யனுக்குள் ஒரு நாள் முழுக்க இறங்கி ஏறினான் என்றால், அதற்குப் பின்னால் ஒரு பொய் இருந்தாக வேண்டும். இருந்தது. பதினெட்டு வயதான பொய்.

2

ஜெனிக்குப் பதின்மூன்று வயது. ஆவடியில் பிறந்தவள். இன்று வரைபடத்தில் ஆவடியைக் காட்டச் சொன்னால் விரலைக் கொண்டுபோய் வங்காள விரிகுடாவில் வைப்பாள். என்னோடு பேசுவதற்கு அவளிடம் மூன்று வார்த்தைகள் இருக்கின்றன. ஓகே. ஃபைன். வாட்எவர். இந்த மூன்றை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு வாரக் குடும்ப உரையாடலை முடித்துவிடுவாள். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். ஆவடியில் எங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பகலில் கதவைச் சாத்தினால், உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சியோடு வந்துவிடுவார்கள். இங்கே அந்தக் கதவைத் தட்டக்கூட எனக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

அவள் சிறுமியாக இருந்தபோது கதவு திறந்திருந்தது. தூங்க வைக்க ஒரே ஒரு கதைதான் சொல்வேன். அப்பா ஆவடியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போன கதை. பத்து நாள், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். காவித் துணி, மாதா சொரூபம் வைத்த தள்ளுவண்டி, வண்டியில் கட்டிய ஒலிபெருக்கி, கொள்ளிடம் பாலத்தில் எங்கள் பின்னாலேயே வந்த பழுப்பு நிற நாய்க்குட்டி. நாய்க்குட்டி வந்ததும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அதற்கு அப்புறம் கதை இருந்ததே இல்லை.

இந்த வருடம் பள்ளியில், உங்கள் குடும்பத்தில் ஒருவர் செய்த பெரிய காரியத்தை எழுதுங்கள் என்றார்களாம். ஜெனி இதைத்தான் எழுதினாள். டீச்சர் அதைச் சட்டம் போட்டு வகுப்புச் சுவரில் மாட்டிவிட்டார். அந்த டீச்சர்தான் பள்ளியின் நடைக்குழுவையும் நடத்துகிறார். அறுபது வயது, கொடிக்கம்பம் மாதிரி ஒரு அம்மாள். கேன்யனுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஒரு பெற்றோர் துணை வேண்டும். இப்படி ஒரு மகா நடையர் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது? விண்ணப்பப் பாரம் வீட்டுக்கு வந்தது.

இந்த நாட்டில் பிறப்பதற்கும் இறப்பதற்கும் நடுவில் நாம் செய்வது பாரம் நிரப்புவதுதான். இதில் ஒரு கேள்வி: நீண்ட நடை அனுபவம் உண்டா? கட்டத்தில் குறி போட வேண்டும். ஜெனி என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே, தானாக வந்து, என் தோளுக்குப் பின்னால். 'உண்டு' என்று குறி போட்டேன். கீழே விவரம் கேட்டிருந்தது. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், பத்து நாள், வெறுங்காலோடு என்று எழுதினேன். வெறுங்கால் கதையில்கூட இல்லை. கை தானாகச் சேர்த்தது.

"கூல்" என்றாள் ஜெனி. நான்காவது வார்த்தை!

ஸ்டெல்லா பாரத்தை வாங்கிப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, கார் நிறுத்துறதுக்குக் கொஞ்சம் தள்ளி எடம் கெடச்சாலே மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிற ஆளு நீங்க. இது தேவையா?"

"பழைய கால் ஸ்டெல்லா, எடுத்து மாட்டினா ஓடும்" என்றேன்.

வாயால் சொன்ன பொய்க்கும் கையெழுத்துப் போட்ட பொய்க்கும் வித்தியாசம் இருக்கிறது. அன்று ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை.

3

நடந்தது இதுதான். நடக்காதது இதுதான் என்றும் சொல்லலாம்.

எண்பத்தொன்றாம் வருடம். எனக்கு இருபத்தொரு வயது. டிப்ளமோவில் இரண்டு பேப்பர் என்னை விட்டுப் பிரிய மனமில்லாமல் மூன்று முறை திரும்பித் திரும்பி வந்தன. அம்மா மாதாவிடம் பொருத்தனை வைத்தாள். பொருத்தனை என்றால் நம் வேதக்காரர்கள் வேண்டிக்கொண்டு கொடுக்கும் வாக்கு. பையன் பாஸ் பண்ணிவிட்டால் ஆவடியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து வருவான் தாயே என்று வாக்கு. வேண்டியவள் அம்மா, பேப்பர் திருத்தியவர் யாரோ, ஈடு வைத்தது என் கால்களை. மாதா கேட்டுவிட்டார். நான் பாஸ்.

ஆகஸ்டில் ஆவடி கோயிலிலிருந்து இருநூறு பேர் புறப்பட்டோம். அப்பா ஃபேக்டரியில் ஃபிட்டர். ஷிப்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தி எங்களைப் பார்த்துக் கை காட்டினார். சென்னீர்குப்பத்தில் மோர் கொடுத்தார்கள். பூந்தமல்லியில் மாமா வீட்டுக்காரர்கள் மாலை போட்டார்கள். மாலை போட்டபோது நான் நடந்திருந்தது ஒன்பது கிலோமீட்டர். அதற்கே அவ்வளவு மரியாதை.

இரண்டாம் நாள், செங்கல்பட்டு. என் கூட்டாளி ரெமி சாலையோரத்தில் உட்கார்ந்து காலைத் தூக்கிக் காட்டினான்.

"மாமே, இத்தப் பாரு. கொப்புளமா இது? பன்னு மாதிரி கீது."

"எழுந்து நடடா. பொருத்தன."

"பொருத்தன யாரு வெச்சது?"

"எங்கம்மா."

"அப்ப அவுங்க நடக்கட்டும். நீ இன்னாத்துக்கு நடந்துகினு கீற?"

விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிக்கும்போது ஒரு பஸ் வந்து நின்றது. "கடலூர்ல எங்க பெரிம்மா ஊடு கீது மாமே. வஞ்சிரம் வறுப்பாங்க பாரு... மாதா அதே ரோட்லதான வர்றாங்க? அங்கியே பூந்துக்கலாம்." வஞ்சிரம் என்ற சொல் முடிவதற்குள் நான் படியில் கால் வைத்திருந்தேன். கூட்டத்தில் முன்னால் போனவர்கள் நாங்கள் பின்னால் வருகிறோம் என்றும், பின்னால் வந்தவர்கள் நாங்கள் முன்னால் போகிறோம் என்றும் நினைத்துக்கொண்டார்கள்.

கடலூரில் பெரியம்மா எங்களைக் குறைசொல்ல முடியாதபடி கவனித்தார். நடைக்கூட்டம் கடலூரைக் கடந்த அன்று வீட்டில் நண்டு. நண்டை அவசரமாகச் சாப்பிட முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே மறுபடியும் பஸ், நாகப்பட்டினம். அங்கே ஒரு டீக்கடையில் காத்திருந்து, காவிக் கூட்டம் வந்ததும் நடுவில் புகுந்துகொண்டோம். மாதா கோபுரம் தெரிந்தபோது எங்கள் இரண்டு பேரைப் போல வேகமாக யாரும் நடக்கவில்லை. ஒரு வாரம் ஓய்வெடுத்த கால்கள்!

வீடு திரும்பியபோது அம்மா வாசலில் மஞ்சள் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னை ஸ்டூலில் உட்கார வைத்தாள். காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "பரவால்ல. மாதா நல்லாதான் பாத்துக்கினாங்க" என்று சொல்லி, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா ஷிப்டு முழுக்கச் சொல்லிவிட்டார், என் மகன் நடந்தான் என்று. அதன் பிறகு நான் எங்கே போனாலும் அந்தக் கதை எனக்கு முன்னால் போய் நாற்காலி போட்டு வைத்திருக்கும். ஜெனியின் தலையணை வரை வந்துவிட்டது.

4

பூமி அங்கே திடீரென்று தீர்ந்துபோகிறது. காரை நிறுத்தி, பைன் மரங்களுக்கு நடுவே நாலு எட்டு வைத்தால், தரை இல்லை. இருக்க வேண்டிய தரையெல்லாம் ஒரு மைல் ஆழத்தில் கிடக்கிறது. விடிகிற நேரம். முதலில் ஒரு நீலப் புகைதான் தெரிந்தது. பிறகு அதற்குள்ளிருந்து ஒவ்வொரு நிறமாக எழுந்து வந்தது. குத்தம்பாக்கம் பக்கத்துச் செங்கல் சூளையைப் பிரிக்கும்போது உள்ளே தெரியுமே, அந்தச் சிவப்பு. அதற்குக் கீழே மஞ்சள் பொடி. அதற்கும் கீழே, மழை வருவதற்கு முன் பருத்திப்பட்டு ஏரி மேல் வந்து நிற்குமே, பெயர் வைக்காத அந்தச் சாம்பல் பச்சை. யாரோ ஊரிலிருந்து மூட்டை கட்டி இங்கே கொண்டுவந்து கொட்டியது போல எல்லாம் கிடந்தது. சத்தமே இல்லை. பன்னிரண்டு அமெரிக்கப் பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

நம் ஊர் மலைகள் முதலில் வேலை வாங்கும். பரங்கிமலைப் படிகளில் தவக்காலத்தில் சிலுவைப்பாதை ஏறுவோமே, ஏறும்போது செபம், வியர்வை. உச்சியில் கோயில், காற்று, காட்சி. இறங்கும்போது சுண்டல். இந்த மலை எடுத்த எடுப்பிலேயே காட்சியைக் கொடுத்துவிடுகிறது. சும்மா கொடுத்ததை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இறங்குவதற்கு முன் டீச்சர் நீளமாக ஏதோ சொன்னார். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குதான் இறங்கும்போது குடிக்க வேண்டும், மீதி ஏறுவதற்கு, சாப்பாடும் அப்படியே. இது எனக்குப் பிற்பாடு ஜெனி சொல்லித் தெரிந்தது. அந்த நேரத்தில் நான் தலையாட்டினேன். இங்கிலீஷில் யார் எதை நீளமாகச் சொன்னாலும் தலையாட்டிவிடுவது ஒன்பது வருடப் பழக்கம். அப்படித் தலையாட்டியே இரண்டு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறேன்.

பிள்ளைகளின் முதுகில் தண்ணீர்ப் பை, பாக்கெட்டில் கையளவு தானியக் கட்டி. என் கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர். கக்கத்தில் குடை. காலில் தள்ளுபடியில் வாங்கிய, ஒரு சைஸ் பெரிய ஷூ.

இறக்கம் சொர்க்கம். பாதை வளைந்து வளைந்து போயிற்று, கால்கள் தாமாகப் போயின. எதிரில் மூச்சு வாங்கி ஏறி வந்தவர்களெல்லாம் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். நான் ஒவ்வொருவருக்கும் நின்று, நன்றாக இருக்கிறேன், முழங்கால்தான் லேசாக, மனைவி நர்ஸ், என்று பதில் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது ஆள் காத்திருக்காமல் போய்விட்டார். "அப்பா, அவங்க நிஜமா கேக்கல" என்றாள் ஜெனி. சிரித்தாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று? கோவேறு கழுதைகள் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தன. பாறையோடு ஒட்டி நின்று வழிவிட்டோம். அதில் ஒன்று என் டிபன் கேரியரைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையில் இருந்த இரக்கம் எனக்கு அப்போது புரியவில்லை.

பாதி ஆழத்தில் ஒரு சின்ன ஓடை, அதைச் சுற்றிப் பெரிய இலவம் மாதிரி மரங்கள். அங்கேதான் மூன்று அடுக்கையும் காலி செய்தேன். பிள்ளைகள் ஆற்றை எட்டிப் பார்க்கும் மேட்டுக்குப் போய்வரக் கிளம்பினார்கள். நான், இங்கேயே காவல் இருக்கிறேன் என்று சொல்லிப் படுத்தேன். அப்போதுதான் முதலில் சொன்ன அந்தக் காட்சி, வானத்தில் வீடு. பார்த்ததும் பயத்தில் தூக்கம் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். பரீட்சை ஹாலிலேயே தூங்கியிருக்கிறேன்.

அரைத் தூக்கத்தில் ஓடைச் சத்தம் மெல்ல மாறி, சைக்கிள் செயின்களின் சத்தம் ஆயிற்று. நாலரை மணிச் சங்கு ஊதி, ஃபேக்டரி வாசலிலிருந்து ஆயிரக்கணக்கில் சைக்கிள்கள் வழிந்து வருகிற சத்தம். அந்த வெள்ளத்தை எதிர்த்து ஒரு பெண்பிள்ளை நடந்து வருகிறாள். காவிப் புடவை. அம்மா.

அது கனவில்லை, நடந்தது. நான் போய் வந்த மறு வருடம் அம்மாவே கிளம்பினாள். நாற்பத்தொன்பது வயது. ரேஷன் கடைக்கே என்னைச் சைக்கிளில் அனுப்புகிறவள். எதற்கு என்று எல்லோரும் கேட்டோம். "எனக்கு ஒரு பொருத்தன கீது" என்றாள், அவ்வளவுதான். தங்கைக்கு வரன் அமைய வேண்டும் என்பதற்காக இருக்கும் என்று அப்பா முடிவு செய்தார். அடுத்த தை மாதம் வரன் அமைந்தும்விட்டது. திரும்பி வந்த அன்று அவளை அதே ஸ்டூலில் உட்கார வைத்து, அதே கிண்ணத்தில் எண்ணெய் காய்ச்சி நான்தான் தடவினேன். உள்ளங்காலில் தோல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. குதிகால் வெடித்து, வெடிப்புக்குள் தார் ஒட்டியிருந்தது. எண்ணெய் பட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டாள். நான் வழக்கம்போல, "ஏம்மா, இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா? என்னைக் கேட்டிருந்தா நல்ல ரூட்டாச் சொல்லியிருப்பேனே" என்று ஜோக்கடித்தேன். அம்மா சிரித்தாள். கையை என் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

5

ஏற்றம். அதைப் பற்றி எழுத என்னிடம் மூச்சு இல்லை. இப்போதும் இல்லை.

முதல் ஒரு மணி நேரம் பாட்டுப் பாடினேன். இரண்டாவது மணி நேரத்தில் செபம். மூன்றாவதில் வெறும் மூச்சு. பெரிய ஷூவுக்குள் விரல்கள் முட்டி முட்டி நகங்கள் விடைபெற்றுக்கொண்டிருந்தன. வெயில் பாறையில் பட்டு என் முகத்துக்குத் திரும்பி வந்தது. ஒவ்வொரு வளைவிலும், இதைத் திரும்பினால் உச்சி என்று நினைப்பேன். திரும்பினால் இன்னொரு சுவர், இன்னும் உயரமாக. வெயிலில் கண் கூசக் கூச அந்தச் சுவர்கள் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைகளாக மாறின. ஒரே நிறம், ஒரே ஜன்னல், கொடியில் காயும் ஒரே காக்கி. எந்தக் கதவையாவது தட்டித் தண்ணீர் கேட்கலாம் போலிருந்தது. அப்போது இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒரு பாறையில் உட்கார்ந்தேன். விழுந்தேன் என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறேன்.

டீச்சர் வந்து குனிந்து பார்த்தார். இடுப்பு உறையிலிருந்து ரேடியோவை எடுத்தார். பூங்காக் காவலர்களைக் கூப்பிட்டால் உதவிக்கு ஆள் இறங்கி வருவார்களாம். நான் தலையாட்டத் தயாரானேன். அதற்குள் ஜெனி குறுக்கே வந்து நின்றாள். "வேண்டாம், அவர் சமாளிப்பார்" என்றாள் இங்கிலீஷில். "பத்து நாள் வெறுங்காலோடு நடந்தவர்."

தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். டீச்சர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரேடியோவை உறைக்குள் வைத்தார். பிறகு, முன்னால் போன பிள்ளைகளை நிறுத்தி வைக்கப் போனார்.

என் பெயர் ஆரோக்கியராஜ். அம்மா அந்த ஆரோக்கிய மாதாவின் பெயரைத்தான் வைத்தாள். வாழ்நாளில் முதல் முறையாக அந்தப் பெயருக்கு வெட்கப்பட்டேன்.

"ஜெனி, நான் நடக்கல."

"நடக்கலன்னு தெரியுது. உக்காந்திருக்கீங்க."

"இப்ப இல்லம்மா. அப்போ."

எல்லாவற்றையும் சொன்னேன். பன்னு, வஞ்சிரம், நண்டு, டீக்கடை. எங்கே சொன்னாலும் கைதட்டல் வாங்கக்கூடிய கதை. ஒரு இடத்தில்கூட அவள் சிரிக்கவில்லை.

"அந்த நாய்க்குட்டி?"

"எந்த நாய்க்குட்டி?"

"பிரிட்ஜ்ல. பிரவுன் நாய்க்குட்டி."

நான் டிபன் கேரியரின் கொக்கியைத் திறந்து மறுபடியும் மாட்டினேன்.

"நாயும் பொய்யா?" என்றாள். அவள் குரல் அங்கேதான் உடைந்தது.

திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள். சிவப்புப் பாறை வளைவில் அவளுடைய நீலத் தொப்பி ஒரு முறை தெரிந்து மறைந்தது. அந்தக் கதவை நானே என் கையால் சாத்திவிட்டேன் என்று நினைத்தேன். ஒன்பது வருடம் முன்பு என் கையைப் பிடித்துக்கொண்டு விமானத்தில் ஏறியவள். அவள் எனக்காக மிச்சம் வைத்திருந்தது அந்தக் கதை ஒன்றுதான். பாறை நிழல் நீண்டு என் மேல் படர்ந்தது. காகம் மாதிரி ஒன்று, ஆனால் நம் காகத்தைவிட இரண்டு மடங்கு பெரியது, என் எதிரில் வந்து உட்கார்ந்து டிபன் கேரியரை ஆராய்ந்தது. "காலி" என்றேன் அதனிடம். அதுவும் போய்விட்டது.

எப்படியோ எழுந்து குடையை ஊன்றி நடந்தேன். வளைவைத் திரும்பினால் ஜெனி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்காமல், கையை மட்டும் நீட்டி டிபன் கேரியரை வாங்கிக்கொண்டாள். தன் தண்ணீர்ப் பையின் குழாயை என்னிடம் நீட்டினாள்.

"பாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லுங்க."

"ஜெனி, பாட்டிக்கு அறுபத்தாறு வயசு. இப்பப் போயி..."

"சுவர்ல இருக்கு அப்பா. என் பேர் போட்டு. அதை எடுங்கன்னு நான் டீச்சர்கிட்ட சொல்லணும். நான் சொல்றேன். நீங்க பாட்டிகிட்ட சொல்லுங்க."

"சொன்னா என்கூடப் பேசுவியா?"

"வாட்எவர்" என்றாள். ஆனால் எழுந்து எனக்கு முன்னால் நின்றாள். "டென் ஸ்டெப்ஸ். அப்புறம் ரெஸ்ட்." சொல்லிவிட்டு எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. அவளுக்குத் தமிழில் பத்து வரைதான் எண்ணத் தெரியும். எனக்கும் பத்துக்கு மேல் நடக்கத் தெரியவில்லை. மேலே போய்ச் சேரும் வரை அந்தப் பள்ளத்தாக்கில் பத்துக்கு மேல் எண்ணே இல்லை. கோவேறு கழுதைகள் மறுபடியும் எங்களைத் தாண்டிப் போயின. இந்த முறை நான் அவற்றைப் பொறாமையோடு பார்த்தேன். கடைசி வளைவில் வெளிச்சம் முழுக்க ரோஜா நிறமாகி, நாங்கள் ஏறி வந்த ஆழம் முழுவதும் பழையபடி நீலப் புகைக்குள் இறங்கிவிட்டது, நாங்கள் அங்கே போகவே இல்லை என்பது போல.

6

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அங்கே உங்களுக்குத் திங்கட்கிழமை காலை. நான் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது. ஸ்டெல்லா கெண்டைக்கால் இரண்டுக்கும் பட்டை சுற்றிவிட்டு, "பழைய கால் எப்படி, ஓடுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜெனி அதே லைனில் இருக்கும் இன்னொரு ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். சாட்சி. கள்ளிக்குப்பத்தில் மணி அடித்தது. அப்பா போன பிறகு அம்மா அங்கே தங்கை வீட்டில்தான் இருக்கிறாள்.

"இன்னாடா காலங்காத்தால? ஒடம்பு கிடம்பு சரியில்லியா? கொழந்த எப்படி கீது?"

பின்னால் குக்கர் விசில், ஒரு காகம், யாரோ வாளியைக் கீழே வைக்கும் சத்தம். இந்தச் சத்தங்களை நம்பித்தான் நான் வாரா வாரம் ஃபோன் பண்ணுகிறேன். ஒவ்வொரு ஆகஸ்டிலும் மாதா கோயிலில் கொடியேறும்போது, என் மகன் நடந்து வந்தானே தாயே என்று அவள் சொல்லிக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன். அதைப் பிடுங்கிக்கொள்ளத்தான் இப்போது ஃபோன் பண்ணியிருக்கிறேன். வேறு ஏதாவது பேசி வைத்துவிடலாமா என்று ஜெனியைப் பார்த்தேன். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். எண்பத்தொண்ணுல நான் வேளாங்கண்ணிக்கு நடந்து போனேன்ல? நடக்கலம்மா. செங்கல்பட்டுலேர்ந்து பஸ்ல போயிட்டேன். நானும் ரெமியும். கடலூர்ல ஒரு வாரம் சாப்ட்டுக்கினு கெடந்தோம். உன் பொருத்தனைய நான் செய்யல. அப்பா சாகற வரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தாரு. உன்னயும் ஏமாத்திட்டேன். பதினெட்டு வருசமா ஏமாத்திக்கினு இருக்கேன். மன்னிச்சுக்கோம்மா."

குக்கர் இன்னொரு முறை விசில் அடித்தது. ஜெனி ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்டா, அதான் மறுவருசம் நான் நடந்தேன்" என்றாள் அம்மா.